காப்புக் கட்டிய கை



தொண்ணூறுகளில் நாங்கள் படித்தபோது, ஒரு திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. வீட்டில் ஏச்சு வாங்கிய அன்று இரவே அந்தத் தோழி நஞ்சருந்திவிட்டாள் என்றார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவள். "இவ்வளவு பக்தி இருந்தும் ஏன்?" என்று அன்று கேட்டோம். எங்களில் சிலர் வைத்தியர்களான பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை.

1995இல் இலங்கையில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டிலும் 1998இலும் கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனிதரின் துயரம் பாதியாகவில்லை. அவசரத்தில் நீண்ட கைக்குக் கொடிய நஞ்சு எட்டவில்லை. உயிர் பிழைத்தவர்களில் பலர் அரை மணித்தியாலம்கூட யோசித்திருக்கவில்லை.

அந்த அரை மணித்தியாலத்தைத் தாண்டுவதுதான் தன்னடக்கம். உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முதிர்ச்சி பெறுகிறது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சியும் வேண்டும், துணையும் வேண்டும்.

சமயம் இரண்டையும் தரக்கூடியது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை கவிச்சி தொடமாட்டோம். றமழான் நோன்பும் தவக்காலமும் பழக்குவது இதையே: ஆசை வரும், பொறுத்தால் போகும். மது, போதைப்பொருள், கண்மூடித்தனமான காதல் என எதன் முன்னும் இந்தப் பழக்கம் உதவும்.

ஆனால் "பாவம், வெளியே சொல்லாதே" என்று மட்டும் சமயத்தைக் கற்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எங்கள் தோழிக்குப் பக்தி குறைவில்லை. மனதில் இருந்ததைச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த நாங்களும் கேட்கவில்லை.

சகோதரிகளே, பிள்ளைகளுக்கு விரதத்தைப் பழக்குவோம். ஏசினால், பிறகு பக்கத்தில் போய் உட்காருவோம். மருந்துப் போத்தல்களைப் பூட்டி வைப்போம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

காப்பை யாரும் தன் கையில் தானே கட்டிக்கொள்வதில்லை. இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும்.