உணவும் நம் கடனும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பசித்தார்க்கு அன்னமிடுதல் அறங்களுள் தலையாயது என நம் முன்னோர் கொண்டனர். அவ்வறம் நம் நாட்டில் அரசின் கடனாகவும் ஆயினமை பற்றிச் சில சொல்லப் புகுந்தோம்.

1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் எழுந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இவை யாவரும் அறிந்தன. அரசு உணவிடுதலோடு நில்லாது, உடல்நிலையை அளந்தறிதலையும் மேற்கொண்டமை பலரும் அறியாதது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்து, எடையை அட்டையிற் கோடாகக் குறித்தனர். எடை ஏறாது நின்ற குழந்தைக்குத் தனியே ஊட்டவுணவு அளித்தனர், தேறியபின் நிறுத்தினர். உடல் மெலிவு கண்ணுக்குப் புலனாகு முன்னரே அக்கோடு அதனைக் காட்டிவிடும். ஆயினும், ‘எடை பார்த்தால் கண்ணேறு படும்’ எனக் குழந்தையை ஒளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றும் ஒழிந்திலது.

மற்றொரு செய்தி. 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையர். இஃது ஏழையர் குடிசைக்கே உரியதென எண்ணற்க. நெற்குதிர் நிறைந்த மனையிலும், ஆடவர் உண்டு எஞ்சியதை உண்ணும் பெண்டிர் வெளிறி நிற்கின்றனர். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, ‘வயிற்றைப் புரட்டும்’ என்று விலக்குவாரும் நம்முள் உளர். உண்டபின் கொள்ளின் அத்தொல்லை குறையும். உணவோடு நெல்லிக்கனி சேர்ப்பின் இரும்பு உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் பருகின் அது தடைப்படும்.

இனிக் கசப்பான ஒன்று. பள்ளிப் பந்தியில் நம் பிள்ளைகளுட் சிலர் அமர்வதில்லை. வினவின், ‘சமைத்தவர் எவரோ’ என வீட்டார் சொற்றதையே சொல்கின்றனர். ஆசிரியராகிய யாம் அது கேட்டு நாணினோம். பிள்ளை கற்கும் முதற்பாடம் வெறுப்பாயின், பின்னர் யாம் கற்பிக்கும் இலக்கணத்தால் ஆவது யாது? பிறரோடு ஒக்க உண்ணாமையால் எக்குலமும் உயர்ந்ததில்லை.

ஆதலின் மூன்று விண்ணப்பம் செய்கின்றோம். மகவை அங்கன்வாடியில் தவறாது நிறுத்துப் பாருங்கள். மனையில் பெண்டிரும் உடனிருந்து உண்ணச் செய்யுங்கள். பள்ளிப் பந்தியில் நம் பிள்ளைகள் அனைவரோடும் அமர்க என இன்றே இச்சபையில் தீர்மானம் இயற்றுங்கள். முதல் இரண்டிற்கும் அரசு துணைநிற்கும்; மூன்றாவது நம் கையிலேயே உள்ளது.