ஆம் என்பதும் இல்லை என்பதும்



கேள்வி எளிதாக இருந்தால் விடையும் எளிதாகவே இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் எத்துணைப் பெரிய பிழை என்பதை, பிரிட்டன் 2016ஆம் ஆண்டு தொடங்கி மூன்றரை ஆண்டுகள் பட்ட பாடு காட்டுகிறது. அரசியல் நூல் பயிலும் மாணவர்கள் ஆழ்ந்து நோக்கத்தக்க வரலாறு அது. ஆதலின் அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

1973ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்தது. அச்சமூகமே பின்னர் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. 2016 ஜூன் 23ஆம் நாள், அவ்வொன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று மக்களிடம் நேரே கேட்கப்பட்டது. விலகவேண்டும் என்றவர் ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர். நீடிக்கவேண்டும் என்றவர் 1 கோடியே 61 லட்சம் பேர். நூற்றுக்கு 51.9 என்றும் 48.1 என்றும் நாடு பிளந்து நின்றது. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகுவதையே விரும்பின. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் நீடிக்க விரும்பின. நீடிக்கவேண்டும் என்று வாதாடிய பிரதமர் டேவிட் காமரன், மறுநாட் காலையிலேயே பதவி விலகப்போவதாக அறிவித்தார். அவருக்குப்பின் தெரசா மே அம்மையார் பிரதமரானார்.

இங்கே ஓர் உவமை கூறுகிறேன். ஒரு கூட்டுக் குடும்பத்தில், இந்த வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலோர் போகலாம் என்கின்றனர். எங்கே போவது என்ற பேச்சு அடுத்து எழுகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போவோம், கிணறு மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்கிறார் ஒருவர். கிணற்றையும் துறந்து வேற்றூருக்கே போகவேண்டும் என்கிறார் மற்றொருவர். போகவே வேண்டாம், மீண்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள் என்கிறார் மூன்றாமவர். புறப்படுவதற்குப் பெரும்பான்மை உண்டு. போய்ச் சேரும் இடத்திற்குப் பெரும்பான்மை இல்லை. பிரிட்டனின் நிலை இதுவே.

இவற்றோடு அயர்லாந்தின் எல்லைச் சிக்கலும் சேர்ந்தது. வட அயர்லாந்து பிரிட்டனைச் சார்ந்தது. அயர்லாந்துக் குடியரசோ ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை. பல்லாண்டுக் கலகத்திற்குப்பின், 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அங்கே அமைதி பிறந்தது, காவற்சாவடிகள் மறைந்தன. பிரிட்டன் விலகினால் சுங்கச் சோதனையை எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் அமைதிக்குக் கேடு. கடலில் வைத்தால் வட அயர்லாந்து தாய்நாட்டினின்றும் பிரிந்ததுபோலாகும். வேறு வழி காணும் வரை பிரிட்டன் முழுவதும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கட்டும் என்று மே அம்மையார் ஓர் ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் சேர்த்தார். 2017 தேர்தலில் தனிப்பெரும்பான்மையை இழந்து, வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் 10 உறுப்பினர்களை நம்பி ஆட்சி நடத்திய அவருக்கு, அந்த ஏற்பாடே பெருந்தடையாயிற்று.

காமன்ஸ் சபையில் வாக்கெடுக்கும் முறை தனிச்சிறப்புடையது. ஆம் என்போர் ஒரு கூடத்திலும், இல்லை என்போர் மற்றொரு கூடத்திலும் நடந்து செல்வர், தலை எண்ணப்படும். 2019 ஜனவரி 15ஆம் நாள் அவ்வொப்பந்தத்தை ஆதரித்தவர் 202 பேர். எதிர்த்தவர் 432 பேர். விலகல் போதாது என்றவரும், விலகலே கூடாது என்றவரும் அன்று ஒரே கூடத்தில் தோளோடு தோள் உரசி நடந்தனர்! மறுநாள் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமோ தோற்றது. பிரதமரின் ஒப்பந்தத்தை ஏற்காத சபை, அவருடைய ஆட்சியையும் நீக்கவில்லை.

மார்ச் 12இல் இரண்டாம் தோல்வி. உடன்படிக்கை இல்லாமல் வெளியேறுவதையும் மறுநாள் சபை மறுத்தது. ஒரே தீர்மானத்தைத் திரும்பத் திரும்பக் கொணரலாகாது என்று, 1604ஆம் ஆண்டு மரபை எடுத்துக்காட்டிச் சபாநாயகர் தடுத்தார். மார்ச் 27இல் உறுப்பினர்களே எட்டு வழிகளை முன்வைத்தனர், எட்டும் வீழ்ந்தன. ஏப்ரல் முதல் நாள் நான்கு வழிகள், நான்கும் வீழ்ந்தன. சுங்க ஒன்றியம் பற்றிய தீர்மானம் மூன்றே வாக்குகளில் தோற்றது. இடையே மார்ச் 29இல், வெளியேறுவதற்கென்று குறித்த அந்த நாளிலேயே, ஒப்பந்தம் மூன்றாம் முறையும் வீழ்ந்தது.

மக்கள் பொறுமை இழந்தனர். விலகலைக் கைவிடுக என்ற விண்ணப்பத்தில் 60 லட்சத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விலகலைத் தாமதிக்காதே என்று முழங்கியவரும் பாராளுமன்ற வாயிலில் திரண்டனர். இரு சாராரும் ஒன்றுபட்ட இடம் ஒன்றே: உறுப்பினர்கள்மீது கொண்ட வெறுப்பு.

அந்நாட்களில் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கும் சினம் எழுந்தது. அறுநூற்றைம்பது பேர் கூடி ஒரு முடிவுக்கு வர இயலாதா என்று வெகுண்டேன். பின்னர் அமைதியாக எண்ணியபோது என் கருத்து மாறியது. அச்சபை நாட்டின் கண்ணாடி. முகம் கோணியிருக்கக் கண்ணாடியை நோவதால் பயன் என்ன? எனினும் உறுப்பினர்கள் குற்றமற்றவர் என்று கூறேன். தத்தமக்கு முழு வெற்றி கிட்டும் என்று காத்திருந்தமையால், பாதி வெற்றியைப் பலர் கைவிட்டனர். மூன்று வாக்குகளில் போன தீர்மானம் அதற்குச் சான்று.

மே அம்மையார் பதவி துறந்தார். அடுத்து வந்த பாரிஸ் ஜான்சன் பாராளுமன்றக் கூட்டத்தை ஒத்திவைக்கச் செய்தார். செப்டம்பர் 24இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றனர். சலித்த மக்கள் டிசம்பர்த் தேர்தலில் அவருக்கு 365 இடங்களை அளித்தனர். 2020 ஜனவரி 31ஆம் நாள் இரவு பிரிட்டன் விலகியது. முட்டுக்கட்டை நீங்கிற்று, ஆனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சோதனை கடல் வழிக்கு மாறியது. வட அயர்லாந்தில் மீண்டும் மனக்கசப்பு. 2023இல் மற்றோர் உடன்பாடு செய்யவேண்டியதாயிற்று. சலிப்பு ஒரு முடிவைத் தரலாம், தீர்வைத் தருவதில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் மன்றங்களில் நீங்களும் வாதிடுகிறீர்கள்; கை உயர்த்தி வாக்களிக்கிறீர்கள். ஒன்றை வேண்டாம் என்று கூற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அக்கை உயரும் முன்னர், இதற்கு மாறாக எதனை வேண்டும் என்பேன், என் பக்கத்தில் நிற்பவரும் அதனையே வேண்டும் என்பாரா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று கூறுவதற்கு ஒரு கூட்டம் போதும். ஆம் என்று கூறுவதற்கோ, விட்டுக்கொடுக்கும் மனம் உடைய ஒரு சமுதாயம் வேண்டும்.