மதிப்பெண் குறைந்தால் வழி குறையுமா?

(எஸ்.பி.எம். தேர்வு எழுதிய மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆலய மண்டபத்தில் நடத்தப்பட்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் நம் ஆலயத்தில் சிறப்பு வழிபாடு நடைபெறுகிறது. பிள்ளைகள் தங்கள் எழுதுகோலைச் சரஸ்வதி தேவியின் திருவடியில் வைத்து வணங்கிப் பெற்றுச் செல்கிறார்கள். முடிவு வந்ததும் சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் குடும்பத்தோடு வந்து அர்ச்சனை செய்கிறார்கள். அவர்களுக்கு மாலை உண்டு, பரிசு உண்டு, மேடையும் உண்டு. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளோ பல மாதங்களுக்கு ஆலயத்தின் பக்கமே தலைகாட்டுவதில்லை. தாயார் மட்டும் தனியாக வந்து, யார் கண்ணிலும் படாமல் கும்பிட்டுவிட்டுப் போகிறார். இன்று நான் பேச வந்தது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்குச் சொன்ன அந்த மூன்றும் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறவனுக்கும் பொருந்தும்.

முதலில் வலியறிதல். முடிவுத் தாளை மடித்து அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். மேசைமேல் விரித்து வைத்து, பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். சி-யும் அதற்கு மேற்பட்டதும் கிரெடிட். டி, ஈ இரண்டும் வெறும் தேர்ச்சி. ஜி என்றால் தோல்வி. மலாய்மொழியில் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திற்கும் அதே விதிதான். இந்த இரண்டில் ஒன்று தவறியிருந்தால் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு, மறுதேர்வுக்கு உடனே பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, எத்தனை கிரெடிட் என்று எண்ணுங்கள். எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகவாண்மை வகுத்துள்ள பொதுவான குறைந்தபட்சத் தகுதி இதுதான்: சான்றிதழ்ப் படிப்புக்கு 1 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட், பல்கலைக்கழக அடிப்படைக் கல்விக்கு 5 கிரெடிட். "என் மகனுக்கு மூன்றே மூன்று கிரெடிட்தான்" என்று அழுகிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்றே டிப்ளோமா வாசலுக்குள் நுழையப் போதுமானது.

ஆனால் எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. எந்தப் பாடத்தில் என்றும் பார்க்க வேண்டும். ஒரு மாணவன் மலாய்மொழியில் சி, தமிழ்மொழியில் பி, நன்னெறியில் சி+, கணிதத்தில் ஈ எடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 3 கிரெடிட் இருக்கிறது. எந்தப் பாடமானாலும் சரி என்று கேட்கும் துறைகளில் தமிழ்மொழிக் கிரெடிட்டும் கணக்கில் சேரும். ஆனால் கணிதத்தில் கிரெடிட் கேட்கும் பொறியியல் டிப்ளோமாவுக்கு அவன் விண்ணப்பித்தால் அந்த இடம் வீண்தான். குறைந்தபட்சத் தகுதி என்பது வாசலைத் திறக்கும் சாவி. உள்ளே நாற்காலி காலியாக இருக்கிறது என்பதற்கு அது உறுதி அல்ல.

இனி இடனறிதல். எங்கெங்கே விண்ணப்பிப்பது? யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கும்போது 12 தேர்வுகள் வரை எழுதலாம். நம் பிள்ளைகள் பலர் அந்த 12 இடத்திலும் ஒரே துறையை, அதுவும் போட்டி மிகுந்த துறையை எழுதிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருந்துகிறார்கள். பொதுப் பல்கலைக்கழகத் தேர்வுக்கான மெரிட் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடத் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. ஒவ்வொரு படிப்புக்கும் முன்பு இடம் பெற்றவர்களின் சராசரி மெரிட் மதிப்பெண் யு.பி.யு. வழிகாட்டியிலேயே தரப்பட்டிருக்கிறது. அதைத் தன் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பட்டியல் போடுவது, ஆழம் பார்க்காமல் ஆற்றில் இறங்குவதைப் போன்றது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில், சற்று எட்டிப் பிடிக்க வேண்டியவை: தகுதி இருக்கிறது, ஆனால் சராசரி நம்மைவிடக் கொஞ்சம் மேலே. இவை இரண்டு இருந்தால் போதும். நடுப்பத்தியில், நம் மதிப்பெண்ணுக்கு ஏற்றவை: ஆறு. கடைசிப் பத்தியில், பெரும்பாலும் கைவிடாதவை: நான்கு. விண்ணப்பத்தில் விருப்ப வரிசைப்படி எழுதுங்கள். கடைசி நான்கும் பெயருக்கு எழுதியவையாக இருக்கக் கூடாது. கிடைத்தால் மனநிறைவோடு போய்ச் சேருவேன் என்று பிள்ளை சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும். போகமாட்டேன் என்று இப்போதே தெரிந்த இடத்தை எழுதுவதில் பயனில்லை.

அந்தக் கடைசிப் பத்தியைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாலிடெக்னிக் என்பது தோற்றவர்கள் போகும் இடம் அல்ல. 1969-இல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கியது முதல் இந்நாட்டுக்குத் தொழில்நுட்பர்களை உருவாக்கித் தருவது அது. நம் பினாங்கிலேயே செபராங் பிறையிலும் பாலிக் பூலாவிலும் பாலிடெக்னிக் இருக்கிறது. நிபோங் திபாலில் உள்ள தொழிற்பயிற்சிக் கழகம் ஆறுமுகம் பிள்ளை என்னும் தமிழர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் வாசலைத் தாண்டித் தினமும் போகிற நம் குடும்பங்களில் எத்தனை பேர் உள்ளே சென்று விசாரித்திருக்கிறோம்? 1989-இல் தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் இங்கேதான் இருக்கிறது.

இந்த வழிகள் பாதியில் முடிந்துவிடுவதும் இல்லை. சமூகக் கல்லூரியில் சான்றிதழ் பெற்றவர் டிப்ளோமாவுக்குப் போகலாம். திறன் வழியில் போகிறவர் எஸ்.கே.எம். 1, 2, 3 என்று படியேறி, நான்காம் நிலையில் திறன் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர்நிலைத் திறன் டிப்ளோமாவும் பெறலாம். பெர்லிஸ், மலாக்கா, ஜொகூர், பகாங் ஆகிய மாநிலங்களில் உள்ள நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கிருந்தும் வழி இருக்கிறது. டிப்ளோமா முடித்தவர் பட்டப்படிப்புக்குச் செல்லப் பொதுவான குறைந்தபட்ச சி.ஜி.பி.ஏ. 2.00, சில துறைகள் கூடுதலாகக் கேட்கும். ஆகவே முதல் பருவத்திலேயே கவனமாகப் படிக்க வேண்டும். எஸ்.பி.எம்.மில் விட்டதைப் பிடிக்க அது இரண்டாவது வாய்ப்பு. தகுதி இருந்தும் ஆறாம் படிவத்தை ஒதுக்கிவிடாதீர்கள். செலவு குறைவு; எஸ்.டி.பி.எம். எங்கும் மதிக்கப்படுகிற தேர்வு.

மூன்றாவது, காலமறிதல். யு.பி.யு.வுக்கு ஒரு கடைசி நாள், மெட்ரிகுலேஷனுக்குத் தனி விண்ணப்பம், தனி நாள். இடம் கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்யவும் ஒரு குறுகிய கால அவகாசம் உண்டு. இவற்றை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது அவசரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். லாரி ஓட்டும் ஒரு தந்தை என்னிடம் வந்தார். மகனுக்கு இரண்டு கிரெடிட். "இன்றே பணம் கட்டினால் டிப்ளோமாவில் இடம், நாளைக்கு வந்தால் இல்லை" என்று ஒரு தனியார் கல்லூரியின் ஆள் சொன்னாராம். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். பிறகுதான் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்பதும், அதனால் பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது என்பதும் தெரியவந்தது. ஓராண்டு போயிற்று, சங்கிலியும் போயிற்று. பையன் அதன்பின் சமூகக் கல்லூரியில் சேர்ந்து சான்றிதழ் முடித்தான். முதலிலேயே அங்கே போயிருக்கலாம். "அக்கம் பக்கத்தார் என்ன சொல்வார்கள்" என்ற எண்ணம்தான் தடுத்தது என்று தந்தையே சொன்னார்.

எனவே பணம் கட்டுமுன் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் தேடிப் பாருங்கள். கல்லூரி பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பும் அதில் இருக்க வேண்டும். திறன் பயிற்சியானால் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். பி.டி.பி.டி.என். பணம் இனாம் அல்ல, கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் நம்மை விடாது. மொத்தச் செலவு எத்தனை வெள்ளி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே வேலைக்குப் போய்விட்டவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஏப்பெல் என்ற வழி உண்டு. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் இந்த முறையில் சான்றிதழுக்கு 19 வயது, டிப்ளோமாவுக்கு 20 வயது, பட்டப்படிப்புக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, முடிவுத் தாள் வந்த வாரத்தில் வீட்டில் பேசும் பேச்சு, பிள்ளையின் நெஞ்சில் நெடுநாள் தங்கும். பெரியப்பா மகளோடு ஒப்பிடாதீர்கள். "இனி என்ன செய்யலாம், ஐயா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாத வீட்டுப் பிள்ளைகள்தான் வெளியே தங்களுக்கு மதிப்புக் கொடுக்கிற வேறு கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். அதன் விளைவை இந்த ஊரில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, சனிக்கிழமை மாலைகளில் நான் ஆலய அலுவலகத்தில் இருப்பேன். முடிவுத் தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து வாருங்கள். மதிப்பெண்ணைப் பார்த்து நான் முகம் சுளிக்கமாட்டேன். சேர்ந்து பட்டியல் போடுவோம். வரும்போது சந்நிதிக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். எழுதுகோலை வாங்கி வைத்துக்கொண்ட தேவி, முடிவுத் தாளையும் பார்க்க மறுக்கமாட்டாள்.