அவளிடம் கேட்டீர்களா?

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலய குரு ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அண்ணன் தம் தங்கையை நம் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். தங்கைக்கு முப்பது வயதுக்கு மேல். பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவள். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தார். "இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் போதும், ஐயா. வீட்டை என் பேருக்கு மாற்றிக்கொள்வேன்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. தங்கைக்கு இத்தனை காலம் சோறு போட்டவர் அவர்தான்.

நாங்கள் அவரோடு அரைமணி நேரம் பேசினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரம்மாதான், "நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய், அம்மா?" என்று கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்து, "அப்பா வீட்டிலே. கோழி இருக்கு" என்றாள். எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

அன்பானவர்களே, சட்டம் நம்மைவிட முந்திக்கொண்டது. கிறிஸ்தவர்களுக்குரிய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. குறைபாடு அந்தப் பங்கைக் குறைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சொத்து வைத்திருக்கவும் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும் அவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. துணை நிற்பவருக்கே ஒரு சொத்துக் காரியத்தில் அவர்களுக்கு எதிரான ஆதாயம் இருந்தால், அக்காரியத்தில் அவர் விலகி நிற்க வேண்டும். காப்பாளர் தேவையானால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் மனு செய்யலாம். அப்படி நியமிக்கப்படுகிறவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றை அந்த அண்ணனுக்கு விளக்கிச் சொன்னோம். முதலில் கோபித்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்; வீடு இருவர் பேரிலும் இருக்கட்டும் என்றார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் காணிக்கையால் இப்படிப்பட்டவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் கிடைக்கின்றன. அதற்கு நன்றி சொல்லுகிறோம். இன்னும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டிலும் சபையிலும் இவர்களில் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவருடைய தாயாரிடம் "சாப்பிட்டானா?" என்று விசாரிக்காமல், அவரையே கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள்.