ஆட்டம் தொடங்குமுன் அணியை எடைபோடுதல்



ஆகஸ்டு மாதம் நெருங்கும்போது கல்லூரி விடுதிகளில் ஒரு வழக்கு மூளுகின்றது. இங்கிலாந்தின் கால்பந்துப் பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும். எந்த அணிக்கு எவர் வந்தார், எந்த அணியை விட்டு எவர் போனார், எந்த இடம் வலியது, எந்த இடம் மெலியது என்று நள்ளிரவு வரை வாதம் நீளும். இதனை வீண்பொழுது என்று கடியும் பெரியோர் உண்டு. நான் அவர்களுள் ஒருவன் அல்லன். கையில் உள்ள சான்றுகளைக் கொண்டு, இன்னும் நிகழாத ஒன்றைப்பற்றி முடிவு கூறுதல் எளிய செயலன்று. ஆயினும், அந்த வாதம் நடைபெறும் முறையில் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது. அதனை ஓர் அணியை முன்னிறுத்தியே கூற விரும்புகிறேன்.

அவ்வணி, நடு இங்கிலாந்திலுள்ள லெஸ்டர் நகரத்தின் லெஸ்டர் சிட்டி. காலம், 2015-ஆம் ஆண்டின் கோடை. அப்போது நீங்கள் அந்த அணியைப்பற்றி வாதிட அமர்ந்திருந்தால், உங்கள் முன் எவை இருந்திருக்கும்?

முந்தைய பருவத்தில், 2015 ஏப்ரல் தொடக்கத்தில்கூட, 20 அணிகளுள் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. இறுதி 9 ஆட்டங்களில் 7-ஐ வென்று, 41 புள்ளிகளுடன் 14-ஆம் இடத்திற்கு ஏறிப் பிழைத்துக்கொண்டது. அவ்வாறு பிழைக்க வைத்த பயிற்சியாளர் நைஜல் பியர்சன் ஜூன் இறுதியில் விலக்கப்பட்டார். அவரிடத்திற்கு இத்தாலியரான கிளாடியோ ரனியேரி வந்தார். வயது 63. பெரிய அணிகள் பலவற்றைப் பயிற்றியவர். ஆயினும் எந்த நாட்டிலும் முதற்பிரிவுப் பட்டத்தை வென்றவர் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டுதான், கிரேக்க நாட்டு அணி சின்னஞ்சிறு பரோயே தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதனால், அந்தப் பதவியை இழந்திருந்தார்.

ஆட்டக்காரர் பட்டியலைப் பார்ப்போம். நடுக்களத்தின் மூளையாக விளங்கிய அர்ஜென்டீனியர் எஸ்டெபான் காம்பியாசோ அணியை விட்டுச் சென்றுவிட்டார். பின்களத்தின் நடுவில் வெஸ் மார்கன், ராபர்ட் ஹூத் என்னும் இருவர். முப்பது வயதைத் தொட்டவர்கள். உருவத்தில் மலை போன்றவர்கள், ஓட்டத்திலும் ஏறக்குறைய அப்படியே. முன்களத்தில் ஜேமி வார்டி, வயது 28. 2012-இல் ஐந்தாம் பிரிவிலிருந்து 10 இலட்சம் பவுனுக்கு வந்தவர். முந்தைய பருவத்தில் லீக்கில் அவர் அடித்த கோல்கள் 5 மட்டுமே. பக்கவாட்டில் ரியாத் மாரெஸ். பிரெஞ்சு இரண்டாம் பிரிவிலிருந்து 5 இலட்சம் பவுனுக்கும் குறைந்த விலையில் வாங்கப்பட்டவர். புதியவர்களுள் பெயர் பெற்றவர் சுவிட்சர்லாந்து அணியின் தலைவர் கோகான் இன்லர். காம்பியாசோவின் இடத்தை அவரே நிரப்புவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவரோடு என்கோலோ கான்டே என்னும் குள்ளமான பிரெஞ்சு இளைஞர் ஒருவரும் வந்தார். அவர் அதுவரை பிரெஞ்சு முதற்பிரிவில் ஆடியது ஒரே ஒரு பருவம்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பந்தயத் தரகர்கள் ஒரு விலை சொன்னார்கள். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுன் கட்டினால் 5,000 பவுன் தருவோம் என்பது அவ்விலை. மறு ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் லெஸ்டர் பட்டம் வென்றது. 38 ஆட்டங்களில் 23 வெற்றி, 12 சமநிலை, 3 தோல்வி, 81 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்ற ஆர்சனல் 10 புள்ளிகள் பின்தங்கி நின்றது.

அந்தத் தரகர்களையும் அறிஞர்களையும் எள்ளி நகையாடுவது எளிது. அதனை நான் செய்ய மாட்டேன். அவர்கள் கூறிய செய்திகளுள் ஒன்றுகூடப் பொய்யன்று. மார்கனும் ஹூத்தும் மெதுவானவர்களே. வார்டி 5 கோல்கள்தாம் அடித்திருந்தார். அவர்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் தனித்தனியே நிறுத்தி மதிப்பெண் இட்டு, பின்பு கூட்டினார்கள். தலைமையாசிரியனாக இருந்த எனக்கு மதிப்பெண் பட்டியலின் அருமையும் தெரியும். அது எதனைச் சொல்லாது என்பதும் தெரியும். எவன் எவனோடு ஒரே விசிப்பலகையில் அமர்ந்தால் கணக்கு நன்றாக வரும் என்பதை எந்தப் பட்டியலும் சொன்னதில்லை.

இப்போது அதே பெயர்களை வேறொரு வகையில் படிப்போம். நடுப் பின்காப்பாளர் இருவரும் மெதுவானவர்கள். ஆதலின் அவர்களை மைதானத்தின் நடுக்கோடு வரை முன்னேற விடுதல் ஆபத்து. விரைந்தோடும் எதிரி அவர்கள் முதுகுக்குப் பின்னே புகுந்துவிடுவான். எனவே அவர்கள் தம் கோலுக்கு அருகிலேயே நிற்கவேண்டும். அங்கே நின்றால் அவர்களுடைய மெதுவான ஓட்டம் ஒரு குறையாகாது. அவர்களுடைய உயரமும் தலையால் பந்தை முட்டும் திறமும் பயன் தரும். ஆனால் அவர்கள் பின்னே நின்றால், அவர்களுக்கு முன்னால் அகன்றதொரு வெளி திறந்து கிடக்கும். அந்த வெளியை ஓடி ஓடி மூடுபவர் ஒருவர் வேண்டும். அவர்தாம் கான்டே. அப்பருவத்தில் எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதில் லீக்கிலேயே முதல்வராக நின்றவர் அவர்.

பந்து பறிக்கப்பட்ட அந்த நொடியில் எதிர் அணியினர் எங்கே இருப்பர்? லெஸ்டர் பின்வாங்கி நின்றதனால், அவர்களெல்லாரும் தாக்குதலுக்காக முன்னேறி வந்திருப்பர். அவர்கள் முதுகுக்குப் பின்னே அரை மைதானம் வெறுமையாகக் கிடக்கும். கான்டே பறித்த பந்து பக்கத்தில் நிற்கும் டானி டிரிங்வாட்டரிடமோ மாரெஸிடமோ சென்று, அங்கிருந்து நெடிய ஒரே உதையில் அந்த வெறுமையை நோக்கிப் பறக்கும். அங்கே ஓடுபவர் வார்டி. நெருக்கமான கூட்டத்தில் அவர் சாதாரண ஆட்டக்காரர்; திறந்த வெளியில் அவரைப் பிடிக்க ஆளில்லை. 5 கோல் அடித்தவர் இப்பருவத்தில் 24 அடித்தார். தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டு லீக்கின் பழைய சாதனையை முறியடித்தார்.

பாருங்கள்: மார்கனுடைய மெதுவான கால்களும் வார்டியுடைய விரைந்த கால்களும் ஒரே கயிற்றின் இரு முனைகள். அக்கயிற்றை நடுவில் பிடித்திருந்தவர், பட்டியலில் எவரும் விரல் வைத்துக் காட்டாத கான்டே. பெயர் பெற்ற இன்லரோ லீக்கில் 5 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். அவர் திறமையற்றவர் என்பதன்று; இந்த அமைப்பு வேண்டியது அவருடைய திறமையை அன்று.

எல்லாம் முதல் நாளே கனிந்துவிடவில்லை. முதல் 9 ஆட்டங்களுள் ஒன்றில்கூட எதிரியைக் கோல் அடிக்காமல் தடுக்க லெஸ்டரால் இயலவில்லை. செப்டம்பர் இறுதியில் ஆர்சனலிடம் 5-2 என்று தோற்றபின், பக்கப் பின்காப்பாளர் இருவரையும் ரனியேரி மாற்றினார். எதிரி கோல் அடிக்காதபடி ஓர் ஆட்டத்தை முடித்தால் எல்லாருக்கும் பீட்சா விருந்து என்று வாக்குறுதியும் அளித்தார். அக்டோபர் 24-ஆம் நாள் அது நிறைவேறிற்று. உணவகத்திற்கு அழைத்துச் சென்றவர், மாவைப் பிசைந்து நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாராம்! அதே பின்களம் 2016 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் தொடர்ந்து 4 ஆட்டங்களை 1-0 என்று வென்று தந்தது.

இனி, நற்பேறு இதில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, நிறைய உண்டு. மாற்று ஆட்டக்காரர் போதாது என்பது கோடையில் சொல்லப்பட்ட ஒரு குறை. ஆனால் முதன்மை ஆட்டக்காரர்களுக்குப் பெருங்காயம் அதிகம் நேரவில்லை. மார்கனும் கோல் காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கலும் 38 ஆட்டங்களிலும் ஆடினர். ஐரோப்பியப் போட்டிகளின் அலைச்சல் இல்லை. முந்தைய ஆண்டு வென்ற செல்சி சரிந்து 10-ஆம் இடத்திற்குப் போயிற்று. இவற்றை எந்த வாதத்தாலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் மார்கனின் மெதுவான ஓட்டம் யாரை வேண்டி நிற்கிறது என்ற கேள்வியைக் கோடையிலேயே கேட்டிருக்க முடியும். அதற்கு வேண்டிய செய்திகளெல்லாம் பட்டியலிலேயே இருந்தன.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் தாளை எடுத்துப் பதினொரு பெயர்களை எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய குறையை எழுதுங்கள்; அதற்கு அடுத்தாற்போல் அக்குறையை மூடுபவர் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று நான்கு இடங்களில் வருமானால், அவர் புகழ் பெற்றவரா என்று பார்க்கவேண்டா. அவர் காயமுற்றால் அணி என்னாகும் என்று பாருங்கள்.

லெஸ்டர் அணிக்கு இந்தச் சோதனை விரைவிலேயே வந்தது. 2016 கோடையில் கான்டேயைச் செல்சி வாங்கிற்று. வார்டி, மாரெஸ், மார்கன், ஹூத், ஷ்மைக்கல், டிரிங்வாட்டர் எல்லாரும் லெஸ்டரிலேயே இருந்தனர். பட்டம் வென்ற அணியில் ஒருவர்தானே போனார் என்று கருதியோர் பலர். 2017 பிப்ரவரியில் லெஸ்டர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் நிலையை நெருங்கிற்று. பட்டம் பெற்றுத் தந்த ரனியேரி, 10 மாதங்கள் நிறைவதற்கு முன்பே, பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அணி 12-ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. அந்த ஆண்டு பட்டம் வென்றது, கான்டே சென்று சேர்ந்த செல்சி. அங்கே அப்போதுதான் வந்திருந்த பயிற்சியாளரின் பெயர் அந்தோனியோ கோன்டே. அவரும் மூவர் பின்காப்பு என்னும் புதிய அமைப்பைக் கொண்டுவந்து அணியை மாற்றியவர். அவ்வெற்றியில் கோன்டேயின் பங்கு எவ்வளவு, கான்டேயின் பங்கு எவ்வளவு என்பதை இன்றிரவு உங்கள் விடுதியில் வாதிட்டுப் பாருங்கள்.