கால்வாய் வழிச் செலவு



'செலவு' என்னும் சொல் இன்று கைப்பொருள் கரைவதையே குறிக்கிறது. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்பதே முதற்பொருள். பொருள் தேடிப் பிரியத் துணிந்த தலைவன் அப்பயணத்தைத் தவிர்ப்பதைச் 'செலவழுங்குதல்' என்று அகத்திணை வகுத்துரைக்கும். அப்பழம்பொருளை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்துத் தம் பாட்டுக்குப் பெயராக வைத்தவர் பாவேந்தர் பாரதிதாசன். 1934ஆம் ஆண்டு முழுநிலாக் காலத்தில் ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய தோழர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகிலே சென்றார் அவர். அதன் விளைவே 'மாவலிபுரச் செலவு'. அப்படகைத் தாங்கிய நீர்வழியைப் பற்றியதே இவ்வுரை.

அந்நீர்வழி பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தோண்டுவித்த சிறு வாய்க்காலே அதன் தொடக்கம். பின்னர் அது வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலுமாக ஏறத்தாழ 420 கி.மீ. நீண்டது. அதில் 163 கி.மீ. தமிழகத்தில் உள்ளது. கடலை ஒட்டி, கடலுக்கு இணையாகச் செல்லும் உப்பு நீர் வழி இது. புயற்கடலுக்கு அஞ்சும் சிறு படகுகளுக்கு இதுவே காப்பான பாதையாயிற்று. விறகும் உப்பும் நெல்லும் கருவாடும் கிளிஞ்சலும் இதன் வழியே சென்னைக்கு வந்தன.

ஆற்றில் படகு விடுவோனுக்கு நீரோட்டம் துணை. கால்வாயிலோ அத்துணை இல்லை. கழிமுகங்களில் ஏறி இறங்கும் கடலின் ஓதமே இதற்கு உயிர். கோடையில் முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும்; மழையில் வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் நீர் மட்டத்தைக் காக்கக் கதவு வைத்த அடைப்புகள் கட்டினர். மக்கள் அவற்றை 'லாக்கு' என்றனர். சென்னைச் சேப்பாக்கத்தை அடுத்த லாக் நகர் அச்சொல்லை இன்றும் சுமந்து நிற்கிறது.

இக்கால்வாய் வடக்கு தெற்காகக் கிடப்பது. ஆகவே தெற்கு நோக்கிப் பாய் விரிப்போனுக்கு வாடை வேண்டும். வடக்கு நோக்கித் திரும்புவோனுக்குத் தென்காற்று வேண்டும். வாடை நின்று வீசும் நாளில் அடையாற்றைக் கடந்த படகு திருவான்மியூரை விட்டு, முட்டுக்காட்டுக் காயலில் அகன்ற நீர் கண்டு, கோவளத்துக் கடலோசை கேட்டு, மாமல்லபுரத்தின் மேற்குப் புறத்தை அடையும். அப்பாலும் செல்வோர் சதுரங்கப்பட்டினம் தாண்டிப் பாலாற்றைக் குறுக்கே கடந்து, மரக்காணத்து உப்பளங்களில் பயணத்தை முடிப்பர். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நல்லியக்கோடனை நாடிப் பாணன் நடந்த நெய்தல் நிலத்தருகே பிற்காலத்தார் நீராலும் ஒரு வழி அமைத்தனர் எனலாம்.

காற்று இசையாத நாளில் என் செய்வது? பாயைச் சுருட்டிவிட்டுக் கழி ஊன்றுவர். அல்லது ஒருவன் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் இட்டு இழுத்துச் செல்வான். படகில் இருப்போர்க்கு நிலாவும் நீரும். இழுப்போனுக்கு முள்ளும் சேறும். இங்கேதான் பாவேந்தரின் பாட்டு வெறும் உலாப் பாட்டாகாமல் தப்புகிறது. அழகில் தோய்ந்த அவர் கண், தோளால் தோணி இழுப்பவனையும் கண்டது. கண்டு பொறாது வருந்தியது. நிலவைப் பாடியோர் பலர். அந்நிலவொளியில் கயிறு அழுத்திய தோளைக் கண்டு பாடியோர் சிலரே.

அத்தோளுக்கும் பின்னே மறைந்திருக்கும் தோள்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் ஊர்கள் அழிந்தன. சோறின்றிச் சென்னையை அடைந்த மக்களுக்கு நிவாரண வேலையாகக் கொடுக்கப்பட்டதே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைத் தோண்டும் வேலை. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விணைப்பு 1878இல் முடிந்தது. கால்வாய்க்குச் சூட்டப்பட்டதோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். மண் சுமந்தவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. வடக்கும் தெற்கும் ஒரே நீர்வழியாக இணைந்தது அவர்கள் கூடையால்.

இன்று அப்பாதையில் பாய் இல்லை. 1965-66 புயலும் 1976 புயலும் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் இருப்புப்பாதையும் சரக்கைப் பறித்துக்கொண்டன. நகருக்குள் கழிவுநீர் நிறைந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டன. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலை வரையும் அதன் மேலே ரயில் ஓடத் தொடங்கியது. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்தபோது, கைவிடப்பட்ட இக்கால்வாய் பல இடங்களில் அந்நீரை வாங்கிக்கொண்டு அப்பாலிருந்த ஊர்களைக் காத்தது. 2008இல் இது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் மட்டும் படகு மிதப்பதில்லை.

கவிஞர் பெருமக்களே! கால்வாயைத் தூர் வாருவது அரசின் கடன்; சொல்லைத் தூர் வாருவது புலவர் கடன். கழி ஊன்றியோரும் கயிறு இழுத்தோரும் நீருக்கும் காற்றுக்கும் சேற்றுக்கும் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. அவற்றை அறிந்தோர் முதுமை எய்திவிட்டனர். கோவளத்திலும் மரக்காணத்திலும் ஒரு முதியவரின் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதினால் அச்சொற்கள் பிழைக்கும். கேளாதிருந்தால் அவை அவரோடு போகும்.

பத்தாண்டு நிறைந்த வட்டத்துக்கு ஏற்ற பணி இது. மாமல்லபுரம் நோக்கி அடுத்த செலவு புறப்படும்போது, கடற்கரைச் சாலையை விட்டுச் சற்றே மேற்கே ஒதுங்கி அக்கரையில் நிற்பது நன்று. படகு வாராது, ஆயினும் இழுத்தவன் நடந்த தடம் அங்கேதான் இருந்தது.