பொதுவழியாகட்டும் இணையம்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றியபோது நம் முன்னோடிகள் வேண்டியவை மிகச் சில. பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி, படிப்பதற்கு விளக்கு, வழிகாட்ட ஓர் ஆசிரியர் என்பவையே அவை. இன்று அந்த வரிசையில் இணையமும் சேர்ந்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும், கல்வி உதவித்தொகை கோருவதும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்குப் பதிவு செய்வதும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. கடைசி நாளன்று தொடர்பு கிடைக்காத மாணவனுக்கு அந்த ஆண்டே கைநழுவிப் போகிறது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசிக்குச் சிக்னல் தேடிப் பாறை மேலும் மேட்டு நிலத்திலும் ஏறி நின்ற நம் பிள்ளைகளை நாம் மறந்துவிட இயலாது. எனவே, இணையத்தின் வழி யாருக்குத் திறந்திருக்க வேண்டும், அதன் வாயிலில் யார் நிற்கிறார் என்ற கேள்வி நம் கல்வியைப் பற்றிய கேள்வியே ஆகும்.

இக்கேள்வியை உலகில் 'இணையச் சமநிலை' என்ற பெயரால் விவாதிக்கின்றனர். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003ஆம் ஆண்டில் இதற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டார். பெயர் புதிது, பொருள் பழையது. அஞ்சலட்டை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதனை எழுதியவர் செல்வரா, கூலியாளா என்று அஞ்சலகம் கேட்பதில்லை. அதில் எழுதியிருப்பது தனக்குப் பிடித்த செய்தியா என்று பார்ப்பதில்லை. ஒரே விலை, ஒரே பை, ஒரே வழி. அதுபோல, இணையச் சேவை தரும் நிறுவனம் தன் கம்பியிலும் அலைவரிசையிலும் செல்லும் எச்செய்தியையும் தடுத்தலாகாது. ஒன்றை விரைவாகவும் மற்றொன்றை மெதுவாகவும் அனுப்புதலாகாது. இதற்கு ஒரு கட்டணம், அதற்கு ஒரு கட்டணம் என்று பிரித்தலும் ஆகாது. இதுவே இணையச் சமநிலை.

இதன் அருமை நம் சமூகத்தாருக்கு விளங்குவதுபோல் பிறர்க்கு விளங்குவது அரிது. 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். கோலார் தங்கவயலில் உழைத்த தமிழரும் அதனைப் படித்தனர். பெரும் பத்திரிகைகளுக்கு இலவச அஞ்சலென்றும், சிற்றிதழ்களுக்குக் கூடுதல் கட்டணமென்றும் அன்று ஒரு விதி இருந்திருப்பின், ஒரு பைசாவுக்கு விற்ற அந்த இதழ் எத்தனை வாரம் தாக்குப்பிடித்திருக்கும்? தடை விதிக்கவே தேவையில்லை. விலை வேறுபாடு ஒன்றே அதனை அழித்திருக்கும்.

இத்தகைய விலை வேறுபாடுதான் நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் வாயிலில் வந்து நின்றது. அவ்வாண்டு பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, தேர்ந்தெடுத்த சில இணையதளங்களை மட்டும் கட்டணமின்றிப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தொடங்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும். 'இன்டர்நெட் டாட் ஓஆர்ஜி' என்ற அத்திட்டம் பின்னர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' எனப் பெயர் மாறியது. ஏப்ரல் மாதத்தில் ஏர்டெல் நிறுவனமும் 'ஏர்டெல் ஜீரோ' என்ற திட்டத்தை அறிவித்தது. அதில் இணையதள நிறுவனம் பணம் கட்டும். பயனாளர் இலவசமாகப் பார்ப்பார். பணம் கட்ட வசதியுள்ள கடைக்கு இலவசப் பாதை. வசதியற்ற கடைக்குச் சுங்கச்சாவடி!

2015 மார்ச் 27 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இத்துறை குறித்து மக்களின் கருத்தைக் கேட்டபோது, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. விலை வேறுபாடு பற்றித் தனியே ஆராய்ந்த ஆணையம், 2016 பிப்ரவரி 8 அன்று உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை வேறுபடுத்தலாகாது என்று விதி வகுத்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 இலட்சம் ரூபாய் வரை தண்டம். மூன்றே நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 2018ஆம் ஆண்டில், தடுத்தலும் வேகம் குறைத்தலும் கூடாதென்ற நிபந்தனை சேவை நிறுவனங்களின் உரிமங்களிலேயே சேர்க்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு நேர்மையான வினாவை நாம் எதிர்கொள்ள வேண்டும். "ஒன்றுமே இல்லாத ஏழைக்குச் சிறிதளவேனும் கிடைப்பது நன்றன்றோ? பசித்தவன் கையிலுள்ள கூழை ஏன் தட்டிவிடுகிறீர்கள்?" என்று அன்று கேட்டனர். கேட்டவர்களுள் நம்மவரும் உண்டு. அந்தக் கேள்வியை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. பணம் கட்டிக் கைப்பேசிக்கு டேட்டா போட இயலாத வீட்டிலிருந்து எழும் கேள்வி அது.

ஆனால், நம் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. "உனக்கென்று தனியே ஒரு கிணறு வெட்டித் தருகிறேன், ஊர்க் கிணற்றுக்கு வராதே" என்ற பேச்சை நம் பாட்டன்மார் கேட்டிருக்கின்றனர். தனிக்கிணற்றிலும் தண்ணீர் இருந்தது; அதனைக் குடித்து உயிர் வாழ்ந்தனர். ஆயினும் அதனை அவர்கள் நீதி என்று ஏற்கவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு முழு இணையம், ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பிறர் பொறுக்கித் தந்த சில பக்கங்கள் என்றால், அதுவும் தனிக்கிணறே. எது 'அடிப்படைத் தேவை' என்பதை நமக்காக வேறொருவர் தீர்மானிக்கும் நிலை அது. மேலும், இலவசம் தரவே கூடாதென்று ஆணையம் சொல்லவில்லை. இவ்வளவு டேட்டா இலவசம், எங்கு வேண்டுமானாலும் செல்லுங்கள் என்று தருவதை யாரும் தடுக்கவில்லை.

இனி, இவ்விவாதத்தின் மறுபாதிக்கு வருவோம். "நிறுவனங்கள் பல இருந்து போட்டியிட்டால் விதியே வேண்டாம், ஒன்று கெடுதல் செய்தால் வாடிக்கையாளர் மற்றொன்றுக்குச் செல்வார்" என்பது சமநிலை விதியை எதிர்ப்போரின் வாதம். போட்டியின் வலிமையை நாமும் கண்கூடாகக் கண்டோம். 2016 செப்டம்பரில் ஜியோ களத்தில் இறங்கியது. 2014ஆம் ஆண்டில் ஒரு ஜி.பி. டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாயாக இருந்த செலவு, 2018ஆம் ஆண்டில் 12 ரூபாய்க்கும் கீழே இறங்கியதாக ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு கூறுகிறது. ஃப்ரீ பேசிக்ஸ் தராத முழு இணையத்தை ஏழையின் கைக்குக் கொணர்ந்தது இந்த விலை வீழ்ச்சியே.

ஆனால் அதே போட்டி, போட்டியாளர்களையும் விழுங்கியது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் நிறுவனம் 2018 பிப்ரவரியில் செயலிழந்து திவாலானது. வங்கிக் கணக்கிலும் உதவித்தொகைப் பதிவிலும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள் எண்ணை மாற்ற இயலாமல் தவித்ததை நீங்கள் அறிவீர்கள். இன்று நாட்டில் தனியார் நிறுவனங்கள் மூன்றும், அரசின் பி.எஸ்.என்.எல்.லுமே பெரிதாக எஞ்சியுள்ளன. 2024 ஜூலையில் தனியார் மூவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தினர். போட்டி என்பது தானே நிலைத்து நிற்கும் மரமன்று. காவல் இல்லாவிடில் பட்டுப்போகும்.

மலையின் நிலையோ இன்னும் வேறு. நகரத்தில் நான்கு பேர் கடை விரித்திருக்கின்றனர். மலையூரிலோ பல இடங்களில் ஒரே ஒரு சிக்னல் எட்டிப் பார்க்கிறது. சில குக்கிராமங்களில் அதுவும் இல்லை. ஒரே கடையுள்ள ஊரில் "பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ" என்று சொல்வது பரிகாசமாகும். ஆதலின், போட்டி இல்லாத இடத்தில்தான் சமநிலை விதி மிகுதியும் வேண்டப்படுகிறது.

அந்த விதி மட்டும் போதுமா? போதாது. இதற்கு மகாத் குளமே நமக்குப் பாடம். பொதுக் குளங்களை எல்லோர்க்கும் திறந்துவிட வேண்டுமென்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923ஆம் ஆண்டில் தீர்மானம் இயற்றியது. மகாத் நகராட்சியும் அதனை ஏற்றது. ஆயினும், 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களுடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகும் வரை தீர்மானம் தாளிலேயே கிடந்தது. அதன்பின்னும் வழக்கு நடந்து, 1937ஆம் ஆண்டில்தான் உயர்நீதிமன்றத்தில் முடிவு கிடைத்தது. நம் மாகாணத்திலும், பொதுச்சாலை, பொதுக்கிணறு அனைவர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசனார். அந்தத் தீர்மானம் எத்தனை தெருக்களில் எத்தனை ஆண்டு கழித்து உண்மையானது என்பதை நம் பெரியோர் சொல்வார்கள்.

இணையச் சமநிலையும் அப்படியே. விதி தாளில் உள்ளது; கோபுரம் மலையில் இல்லையெனில் அது நமக்கு எட்டாத குளம். இம்மலையின் காவலூரில், 1986ஆம் ஆண்டு முதல் வேணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் வானாய்வு நிலையம் இருக்கிறது. எண்ணற்ற ஆண்டுகள் பயணம் செய்து வரும் விண்மீனின் ஒளியை அங்கே பதிவு செய்கின்றனர். அத்தகைய மலையில் ஒரு மாணவி தன் தேர்வு முடிவைப் பார்க்க மேடு ஏற வேண்டியிருப்பது தகுமா?

கோபுரம் கேட்பது பிச்சையன்று என்பதையும் அறியுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாய்க் கணக்கில் 5 விழுக்காட்டை, சேவை எட்டாத இடங்களுக்கென்றே அமைந்த நிதிக்குச் செலுத்துகின்றன. முன்னர் அனைவர்க்குமான சேவைக் கடப்பாட்டு நிதி என்றும், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்றும் அதற்குப் பெயர். நாம் கட்டும் கட்டணத்தின் ஒரு பகுதியே அது. 2022 ஜூலையில், தொடர்பில்லாத 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவையை 26,316 கோடி ரூபாயில் பி.எஸ்.என்.எல். வழியாகக் கொண்டு செல்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பணி பாரத்நெட் திட்டத்தில் அமைந்துள்ளது. நம் ஊராட்சிக்கு வந்த கம்பி உயிரோடிருக்கிறதா, ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டதா, பள்ளிக்கும் விடுதிக்கும் வந்ததா என்று கேட்பது நம் கடமை.

எனவே இளைஞர்களுக்கு நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: எந்தக் குக்கிராமத்தில், எந்த நிறுவனத்தின் சிக்னல், எந்த நேரத்தில் கிடைக்கிறது என்று ஒரு பேரேட்டில் எழுதுங்கள். சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டுமென்று 2024ஆம் ஆண்டின் தரவிதிகள் கூறுகின்றன. அவர்தம் வரைபடத்தையும் உங்கள் பேரேட்டையும் அருகருகே வைத்தால் உண்மை வெளிப்படும்.

இரண்டாவது: அதனைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். தீர்மானம் கோப்பில் நிற்கும்.

மூன்றாவது: நாமே சிறு அளவில் சேவை தருவோராகலாம். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.வாணி திட்டத்தின்படி, தேநீர்க்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் உரிமம் பெறாமலே பொது வைஃபை வழங்கலாம். கம்பி எட்டிய இடத்தில் இக்கழகத்தின் படிப்பகமே அதனைத் தொடங்கலாம். போட்டி மேலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

நான்காவது: ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம் எழுதுங்கள். 2023 ஜூலையிலும் ஆணையம் இத்துறை பற்றிக் கருத்துக் கேட்டது. பெரிய இணைய நிறுவனங்கள் தமக்கும் பங்கு தர வேண்டுமென்று சேவை நிறுவனங்கள் வற்புறுத்தி வருகின்றன. அமெரிக்காவில் 2015இல் வந்த சமநிலை விதி 2017இல் நீக்கப்பட்டது. 2024இல் மீண்டும் வந்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் வீழ்ந்தது. பெற்ற உரிமை தானே நிலைக்குமென்று உறங்கிவிடலாகாது. 2015இல் குவிந்த அந்த மடல்களில் மலையிலிருந்து சென்றவை எத்தனை இருந்திருக்கும்? அடுத்த முறை நம் குரல் அங்கே இருக்க வேண்டும்.

கல்லூரி விடுதியில் கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த மாணவி ஒருவரின் வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேட்டவர் ஒரு மாணவி. 2024ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியின் புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண்ணொருவர் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். கேட்பதற்கும் தீர்ப்பதற்கும் நம்மிடையே ஆட்கள் எழுந்துவிட்டனர்.

தெருவில் நடக்கும் உரிமையை நம் பாட்டன்மார் பெற்றுத் தந்தனர். பள்ளிக்குள் நுழையும் உரிமையை நம் பெற்றோர் நிலைநாட்டினர். இந்தப் புதிய பொதுவழியைத் திறந்து வைப்பதும், அதனை இம்மலையின் கடைசிக் குடிசை வரை கொண்டு சேர்ப்பதும் உங்கள் தலைமுறையின் கடன். இக்கழகம் தன் பொன்விழாவைக் கொண்டாடும் நாளில், சிக்னல் தேடி எந்தப் பிள்ளையும் பாறை ஏறவில்லை என்ற செய்தியை அந்த மலர் தாங்கி வரட்டும்.

வாழ்க கழகம்! வளர்க கல்வி! ஜெய் பீம்!